பெட்டிகளில் வந்த மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது எல்லை கடந்த செயல்தான். யான் வண்டி ஓட்டப் பழகாதவன். இன்றும் கல்லூரிக்குச் சென்று வருவது துவிச்சக்கர வண்டியிலேயே. ஆயினும் 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இங்கிலாந்திலே, ஒரு முழு மோட்டார் வண்டியை ஆணி ஆணியாக எண்ணிக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. மூன்று நாட்கள் அவ்வேலையில் இருந்தேன். அதிலே யான் பட்ட வெட்கத்தையும் பெற்ற மகிழ்ச்சியையும் ஏடு பார்த்துப் பழகிய அன்பர்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

என் தமக்கையார் குடும்பம் இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறமாகிய ஹரோவில் வாழ்கிறது. விடுமுறை பெற்று அவர்களைக் காணச் சென்றிருந்தேன். மருமகன் கணக்காய்வாளன். நாற்பது வயதைக் கடந்தவன். நாள் முழுவதும் பிறருடைய கணக்கேடுகளை ஐயக்கண்ணோடு பார்ப்பதே அவன் தொழில். அவன் தந்தையாராகிய என் அத்தான், யாழ்ப்பாணத்தில் 1995 வரை கராஜ் நடத்தியவர். மகனுக்கு அத்தொழில் வாய்க்கவில்லை. இடப்பெயர்வும் கடல் கடந்த படிப்பும் அவனை வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டன. சிறுவனாக இருந்தபோது, தந்தையார் வண்டியின் கீழே படுத்திருக்க, திருகாணிப் பேணியை ஏந்தி நிற்பது அவன் வேலை. அந்தப் பிள்ளை இப்போது பல ஆண்டுகள் பணம் சேர்த்து, பாகங்களாக வரும் வண்டியொன்றை வாங்கித் தன் கையாற் பூட்டப் போகிறான் என்று தமக்கையார் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சியிலும் கவலையே மிகுந்திருந்தது.

இவ்வாறு பாகங்களாக விற்கப்பட்டு, வாங்கியவன் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வண்டியை ஆங்கிலேயர் ‘கிற் கார்’ என்பர். இவ்வழக்கம் அந்நாட்டில் தழைத்ததற்கு ஒரு பெருங்காரணம் வரி. 1940இல், போர்க்காலத்தில், அங்கே கொள்வனவு வரி விதிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் அது நீங்கவில்லை. பூட்டி முடித்த வண்டிக்கு அவ்வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. கொலின் சப்மன் (1928–1982) என்னும் பொறியியலாளர் தமது லோட்டஸ் நிறுவனத்தின் வாயிலாக 1957இல் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ என்னும் சிறுவண்டி இவ்வகையிற் புகழ் பெற்றது. உருக்குக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு, அதன்மேல் அலுமினியத் தகட்டுத் தோல், இருவர் ஒடுங்கி அமர இடம்; அவ்வளவே. வரிவிலக்குப் பெறவேண்டுமாயின் பூட்டும் முறையைக் கூறும் கையேடு உடன் செல்லக்கூடாது என்பது அக்கால விதி என்றும், ஆகவே சப்மன் கழற்றும் முறையைக் கூறும் கையேட்டை அனுப்பினார் என்றும், வாங்கியவர்கள் அதனை ஈற்றிலிருந்து முதலாகப் படித்துப் பூட்டினார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அதைக் கேட்டபோது எனக்கு நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் அளைமறிபாப்பு நினைவுக்கு வந்தது. அதனை மாணாக்கருக்கு விளங்கவைக்க இதனினும் நல்ல உதாரணம் இனிக் கிடையாது.

1973 ஏப்ரில் முதலாந் திகதி பெறுமதிசேர் வரி வந்து கொள்வனவு வரி நீங்கியபோது அந்தச் சலுகையும் போயிற்று. அதே ஆண்டில் லோட்டஸ் நிறுவனத்தார் செவனைக் கைவிட, அதன் உரிமை கேற்றர்ஹாம் என்னும் ஊரிலிருந்த விற்பனையாளர்களுக்குச் சென்றது. வரி போனாலும் வழக்கம் போகவில்லை. அவ்வடிவத்தைத் தழுவி வண்டி செய்வோர் அந்நாட்டிற் பலர். மருமகன் வாங்கியது அவருள் எவர் செய்தது என்பதை எழுதாமல் விடுகிறேன்; பின்னே ஒரு குறை சொல்ல நேர்வதால்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லொறி வந்தது. முதலில் இறங்கியது எலும்புக்கூடு. அலுமினியத் தகடுகள் ஏற்கெனவே அறையப்பட்டு, சில்லில்லாமல், தரையில் வைத்த தோணி போலக் கிடந்தது. பின்னர் மரப்பலகைமேற் கட்டப்பட்ட எஞ்சினும் கியர்பெட்டியும். அதன்பின் அட்டைப் பெட்டிகள். ரயர் பூட்டிய நான்கு சில்லுகள். துணி சுற்றிய மட்காட்டுகள். எல்லாமாகப் பத்தொன்பது பொதிகள். சாரதி கையொப்பம் வாங்கும் தாளை நீட்டினார். மருமகன் பொதிகளை மாத்திரம் எண்ணி, அத்தாளிலே ‘பத்தொன்பது பொதி பெற்றேன், உள்ளே இருப்பது பார்க்கப்படவில்லை’ என்று எழுதிய பின்பே ஒப்பமிட்டான். சாரதி சிரித்தார். கண்டதற்கு மாத்திரம் சாட்சி சொல்லும் அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிறுவனத்தார் அனுப்பிய கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குறைவோ சேதமோ இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதன்பின் அறிவிப்பவை ஏற்கப்படா. உடன் வந்த பட்டியல் இருபத்தாறு பக்கம். ஒவ்வொரு வரியிலும் பாகத்தின் எண், பெயர், தொகை, ஈற்றில் ஒரு வெறுஞ்சதுரம். மருமகனுக்கு வியாழக்கிழமை முதல் அலுவலகம். ஆகவே, “மாமா, நீங்கள் பட்டியலை வாசிச்சுக் குறி போடுங்கோ, நான் எடுத்துக் காட்டிறன்” என்றான். வாசிப்பதும் குறியிடுவதும் எனக்குப் பிறவித்தொழில் போன்றவை. உவந்து ஒப்புக்கொண்டேன்.

அவன் வகுத்த முறை எளியது. ஒரு பெட்டி திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்கலாகாது. ஒரு பெட்டியின் பொருள் முழுவதும் எண்ணி முடிந்தபின் மீண்டும் அதே பெட்டிக்குள் செல்லவேண்டும்; பெட்டியின் மேல் எண் எழுதவேண்டும். பெரிய பாகங்கள் தொல்லை தரவில்லை. றேடியேற்றர், ஸ்ரியறிங் தண்டு, பிறேக் தகடுகள், சில்லைத் தாங்கும் கவை போன்ற உருக்குக் கைகள், மின்கம்பிக் கட்டு ஆகியவை தாமே தம்மை அறிவித்துக்கொண்டன. தொல்லை தந்தவை சிறியவை. சின்னஞ்சிறு பொலித்தீன் பைகளில் போல்ட்டும் நட்டும் வாசருமாக நூற்றுக்கு மேற்பட்ட பைகள். தமக்கையாரின் சாப்பாட்டு மேசை அவற்றால் நிறைந்துவிட்டது. அன்று இரவு எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

முதல் நாள் மாலை எனக்கு வெட்கம் நேர்ந்தது. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எண்ணும் தொகையும் அதில் அச்சிட்டிருந்தன. பட்டியலிற் பன்னிரண்டு என்றால் சீட்டிலும் பன்னிரண்டு. யான் சீட்டைப் பார்த்தேன், குறியிட்டேன். அடுத்ததைப் பார்த்தேன், குறியிட்டேன். வேலை விரைந்து நடந்தது. மருமகன் தேநீரோடு வந்து நின்றான்.

“மாமா, எண்ணிப் பாத்தனீங்களோ?”

“சீட்டிலை எழுதியிருக்குத்தானே, தம்பி.”

“சீட்டை எழுதினவனும் பட்டியலைப் பாத்துத்தான் எழுதியிருப்பான். நீங்கள் பட்டியலைப் பட்டியலோடைதான் ஒப்பிட்டிருக்கிறியள்.”

அவன் கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் யான் தலைகுனிந்தேன். முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்கு யான் சொல்லிவருவதும் அதுவே: ஒரு பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி, தனிச் சாட்சி ஆகாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்று வகுப்பில் யான் பெருமையோடு சொல்வதுண்டு. பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கும் அந்த உழைப்பையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ஹரோவில் ஒரு பொலித்தீன் பை என்னை ஏமாற்றிவிட்டது. இட்ட குறிகளையெல்லாம் அழித்தேன். நான்கு பக்கங்கள். பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டி எண்ணினேன். பன்னிரண்டு என்று எழுதிய பையொன்றிற் பதினொன்று இருந்தது. இன்னொன்றிற் பதின்மூன்று. மற்றவை சரி.

வாசர்களையும் தகடு அறையும் ஆணிகளையும் எண்ணுவது கண்ணை வருத்திற்று. அவற்றுக்கு மருமகன் அடுக்களைத் தராசைக் கொண்டுவந்தான். பத்தை எண்ணி நிறுத்து, பின் முழுவதையும் நிறுத்து, வகுத்துத் தொகை காண்பது. அதிலே ஒன்றிரண்டு பிசகலாம். அத்தகைய சிறு பண்டங்களுக்கு அது போதும் என்றான். எதனை எண்ணவேண்டும், எதனை நிறுத்தாற் போதும் என்று பிரிப்பதும் கணக்காய்வின் ஒரு கூறாம்.

இரண்டாம் நாள் யான் இல்லை என்று எழுதிய பொருள்கள் ஒன்பது. அவற்றுள் நான்கு, நிறுவனத்தாரே ‘பின்னர் அனுப்பப்படும்’ என்று தனித்தாளிற் குறித்திருந்தவை. வேகமானி அவற்றுள் ஒன்று. மூன்று, இல்லாதவை அல்ல. பிறேக் குழாய்கள் பட்டியலில் உண்டு, பெட்டியில் இல்லை என்று யான் அடித்துச் சொன்னேன். மருமகன் என்னைக் கராஜுக்கு அழைத்துச் சென்று எலும்புக்கூட்டின் உட்புறத்தைக் காட்டினான். குழாய்கள் தகட்டோடு தகடாக முன்னரே பூட்டப்பட்டு, வளைந்து வளைந்து சென்றன. வேறு இரண்டு பாகங்கள் எஞ்சினோடு இணைந்தே வந்திருந்தன. ‘பொற்குடம்’ என்று சொன்னால் உருபும் பயனும் எங்கே என்று கேட்கும் முதலாம் வகுப்பு மாணாக்கனின் நிலையில் நின்றேன். வெளிப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, தொக்கு நிற்கிறது. இதனை யான் சொன்னபோது மருமகன் சிரித்தான். அவனுக்கு இலக்கணம் மறந்துவிடவில்லை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. எஞ்சிய இரண்டே உண்மையான குறைவு.

பட்டியலில் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பு நெகிழித் தொப்பிகள். நட்டின் தலையை மூடுவதற்காம். இவ்வளவு ஏன் என்று கேட்டேன். கையாற் பூட்டிய வண்டி தெருவில் இறங்குமுன் அரசினரின் தனிவண்டிச் சோதனையில் தேறவேண்டும். 2009 முதல் நடைமுறையில் உள்ளது அது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் விளிம்பு, வழிப்போக்கர்மீது படக்கூடிய இடத்திலிருந்தால், 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. தெருவில் நடப்பவன் மேனியை எண்ணி எழுதிய விதி. அந்தத் தொப்பிகளை யான் மரியாதையோடு எண்ணினேன். மறு ஆண்டு வண்டி அச்சோதனையில் தேறிற்று என்று தொலைபேசியிற் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தவை அவையே.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு நாளும் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. கண்பார்வை மங்கிவிட்டது, ஒரு கண்ணில் நிழல்தான் தெரியும். முன்னறையில் வானொலியின் அருகே அமர்ந்திருந்தார். ஒரு முறை மாத்திரம் மேசைப் பக்கமாக நின்று, “என்ன பண்டிதர், சோதினைப் பேப்பர் திருத்திறீரோ?” என்றார். கராஜுக்கு வருமாறு மகன் அழைத்தபோது, “எல்லாம் புதுசாப் பெட்டியிலை வாற காருக்கு நான் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இந்த வண்டியை யாருக்காக வாங்கினான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அத்தானுடைய சொல்லிலும் நியாயம் இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் அந்தப் புகை நாறும். அக்காலத்தில் அத்தானின் கராஜில் எறியப்பட்ட பொருள் ஒன்றுமில்லை. கழற்றிய நட் ஒவ்வொன்றும் கழுவி, எண்ணெய் பூசி, பால்மாப் பேணிகளில் இடப்பட்டது. எந்தப் பேணியில் எது என்பதற்குப் பட்டியல் கிடையாது. அவர் நினைவே பட்டியல். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி ஊர் முழுவதும் புறப்பட்டபோது பேணிகள் சுவரோரத்தில் அடுக்கியபடியே நின்றன. பின்னர் யான் சென்று பார்த்தேன். சுவரும் இல்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை. மருமகன் அலுவலகத்தில். யான் தனியே இருந்து கடைசிப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்சில்லைத் தாங்கும் அமைப்புக்குரிய பை ஒன்று, எட்டு போல்ட். கொட்டினேன், எட்டு. குறியிடக் கை போயிற்று. அச்சுப்படி திருத்திப் பழகிய கண் ஓரிடத்தில் நின்றது. ஆறு போல்ட்டுகளின் தலையில் மூன்று சிறு கோடுகள் இருந்தன. இரண்டின் தலையில் ‘8.8’ என்று எண் இருந்தது. நீளம் ஒன்று, பருமன் ஒன்று, நிறம் ஒன்று. தொகையும் சரி. ஆயினும் அவை ஒரே எழுத்தல்ல. ஏட்டுச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை இராது. எகர ஏகாரமும் ஒரே வடிவு. எழுத்தின் தொகை சரியாக இருக்கும், சொல் வேறாகிவிடும். அந்த ஐயம் எனக்குப் பழையது.

கேட்பதற்கு ஆள் இல்லை. அத்தான் மாத்திரமே இருந்தார். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துச் சென்றேன்.

“அத்தான், இது ரண்டும் ஒண்டோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

“எனக்கெங்கை கண் தெரியுது?” என்றபடியே வாங்கினார். முதலாவதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டினார். பெருவிரல் நகத்தைப் புரியின்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். இரண்டாவதையும் அவ்வாறே செய்தார். வானொலியை நிறுத்தினார். மீண்டும் இழுத்தார்.

“இது அங்குலம். இது மில்லிமீற்றர். ஆர் கலந்தவன்?”

அதன்பின் அவரை முன்னறையில் வைத்திருக்க யாராலும் முடியவில்லை. மேசைக்கு வந்து அமர்ந்து எனக்குப் பாடம் சொன்னார். அந்த வண்டியின் சில பகுதிகள் பழைய அங்குல அளவிலும் சில மில்லிமீற்றர் அளவிலும் செய்யப்பட்டவை. ஐந்தின்கீழ் பதினாறு அங்குல போல்ட் 7.94 மில்லிமீற்றர் பருமன். மற்றையது 8 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றே. புரிதான் வேறு. நுண்புரி அங்குல வகையில் ஓரங்குலத்துக்கு 24 புரி. மில்லிமீற்றர் வகையில் ஏறக்குறைய 20. ஒன்றின் நட்டை மற்றதில் இட்டால் முதற் சுற்று ஏறும், பின்னர் இறுகும். அனுபவமில்லாதவன், நன்றாக இறுகிவிட்டது என்று எண்ணி நெம்பிவிடுவான். உள்ளே புரி அறுந்திருக்கும், பிடி இராது. பிழை தெரியவரும் இடம் கராஜ் அல்ல, தெரு.

“புது ஆள்தானே,” என்றார், மகனைக் குறித்து. “இறுக்கியிருப்பான்.”

அதன்பின் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

மாலையில் மருமகன் வந்தபோது மேசையில் எல்லாப் பைகளும் மறுபடியும் திறந்திருந்தன. யான் இட்ட குறிகள் இரண்டாம் முறையும் தள்ளுபடி ஆயின. இம்முறை எனக்கு வருத்தமில்லை. யான் பட்டியல் வாசித்தேன், மகன் பையைக் கொட்டினான், தந்தையார் ஒவ்வொரு போல்ட்டையும் நகத்தால் வாசித்தார். இரவு பதினொரு மணி வரை இது நடந்தது. இடையிடையே அத்தான் தம் பழைய பேணிகளைச் சொல்லிவந்தார்: மூன்றாவது தட்டில் மொறிஸ் மைனரின் சில்லு நட்; அதற்கு இடப்புறத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டியின் தலைமூடி போல்ட்; அதன் பின்னே என்ன வண்டியதென்று தெரியாத நல்ல உருக்குத் துண்டுகள். மகன் கையை நிறுத்தாமற் கேட்டுக்கொண்டிருந்தான். சில பேணிகளின் இடத்தை அவனே எடுத்துச் சொன்னான்; ஓரிரண்டில் தந்தையாரைத் திருத்தவுஞ் செய்தான். கலப்பு வேறு எந்தப் பையிலும் இல்லை.

கடிதத்தை மறுநாட் காலை மருமகன் எழுதினான். குறைவு: முன்னர்க் கண்ட பாகம் இரண்டு, பதினொன்று இருந்த பையில் ஒன்று. பிழையாக வந்தவை: போல்ட் இரண்டு. இத்தகைய இடத்தில் இரண்டு வகையைக் கலந்து அனுப்புவது எளிய குற்றம் அன்று என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவன் சேர்க்கவில்லை, பொருளைச் சொன்னாற் போதும் என்றான். ஏழு நாளில் நான்காம் நாள் அது. நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து விடையெழுதினர். திங்கட்கிழமை ஒரு சிறு உறையில் சரியான போல்ட்டுகள் வந்தன. பையில் அல்ல, தாளிற் சுற்றி. அத்தான் உறையைத் தாமே பிரித்து, நகத்தால் இழுத்துப் பார்த்து, “சரி” என்றார். யான் குறியிட்டேன்.

தவறாக வந்த இரண்டையும் திருப்பி அனுப்புமாறு அவர்கள் கேட்கவில்லை. மருமகன் அவற்றைக் குப்பைக் கூடையிற் போடப் போனான். அத்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அடுக்களைக்குச் சென்று, தமக்கையார் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஜாம் போத்தல் ஒன்றை எடுத்துவந்து, இரண்டையும் அதனுள் இட்டு மூடி, கராஜுச் சுவர்த்தட்டில் வைத்தார். “எதுக்கும் கிடக்கட்டும்” என்றார்.